லினக்ஸுக்குப் பொறுப்பாளர்கள் எத்தனை பேர்?

லினக்ஸ் முழுவதையும் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒருவரே கவனிக்கிறாரா என்று நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இல்லை. கெர்னலின் சோர்ஸ் கோடுடன் 'மெயின்டெய்னர்ஸ்' என்றொரு ஃபைல் வருகிறது. திறந்து பாருங்கள், எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று அதில் இருக்கும். வரும் திருத்தங்களை அந்தப் பொறுப்பாளர் சோதித்து, தன் பெயரைச் சேர்த்து, மேலே அனுப்புவார். 2018 செப்டம்பரில் லினஸ் விடுப்பில் சென்றபோதும் வேலை நிற்கவில்லை. அக்டோபரில் 4.19 பதிப்பை கிரெக் க்ரோ-ஹார்ட்மன் வெளியிட்டார்.

எக்ஸ்.இஸட். என்ற கம்ப்ரஷன் சாஃப்ட்வேரையோ நெடுங்காலம் ஒருவரே சுமந்தார். உதவ வந்து நம்பிக்கை பெற்ற இன்னொருவர் அதன் 5.6.0 பதிப்பில் கள்ளவழியை நுழைத்திருந்தது 2024 மார்ச்சில் அம்பலமானது. பொறுப்பைப் பகிர்ந்தால் மட்டும் போதாது. ஒருவர் வேலையை மற்றவர் சரிபார்க்கவும் வேண்டும் என்பேன்.