கனடாவின் பிரஞ்சு வகுப்புகளும் தமிழ்க் குழந்தையும்

கனடா தேசத்தில் ஆங்கிலம் பேசும் தாய்தந்தையர், ஐந்து வயதுக் குழந்தையைப் பள்ளியில் சேர்க்குங் காலத்தில் ஒரு விசித்திரமான கேள்விக்கு விடை தேட வேண்டியவர்களாகிறார்கள். கணக்கையும் பூகோளத்தையும் குழந்தைக்கு அதன் சொந்தப் பாஷையில் சொல்லிக்கொடுப்பதா, அல்லது அது ஒரு சொல்லும் அறியாத பிரஞ்சுப் பாஷையில் சொல்லிக்கொடுப்பதா என்பதே அக்கேள்வி. இவ்விரண்டாவது ஏற்பாட்டுக்கு அங்கே ‘இம்மர்ஷன்’ என்று பெயர். பாஷைக்குள் முழுக்காட்டிவிடுதல் என்று பொருள் கொள்ளலாம். சர்க்கார் செலவில் நடக்கும் பொதுப் பள்ளிகளில், பெற்றோர் தாமாக விரும்பினால் மட்டுமே இது கிடைக்கும். இன்று நாலு லக்ஷத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இவ்வகுப்புகளில் படிக்கிறார்கள். சில ஊர்களில் இடம் போதாமல் சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்கிறார்கள்.

இம்முறை எந்த மந்திரியின் மூளையிலும் உதித்ததன்று. மாண்ட்ரீல் நகருக்கு எதிரே, செயின்ட் லாரன்ஸ் நதியின் மறுகரையில், செயின்ட் லாம்பர்ட் என்ற ஊர் இருக்கிறது. 1960-க்குப் பின் க்யூபெக் மாகாணத்தின் பிரஞ்சு ஜனங்கள் விழித்தெழுந்து, தங்கள் மண்ணில் தங்கள் பாஷையே உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் உரியதாக வேண்டுமென்று கேட்கத் தொடங்கினார்கள். அவ்வூரிலிருந்த ஆங்கிலக் குடும்பத்தாரோ, பள்ளியில் பல வருஷம் பிரஞ்சு இலக்கணத்தை உருப்போட்டும், அடுத்த வீட்டுக்காரரோடு நாலு வார்த்தை பேச நாவெழாதவர்களாயிருந்தனர். ஓல்கா மெலிகாஃப், மூரியல் பார்க்ஸ், வாலரி நீல் என்ற மூன்று தாய்மார் முன்னின்று ஒரு சங்கம் கூட்டினார்கள். பள்ளி நிர்வாகிகள் தயங்கினர். மக்கில் ஸர்வகலாசாலையின் மனோதத்துவ ஆசிரியர் வாலஸ் லாம்பர்ட்டும், உலகப் புகழ் பெற்ற மூளை வைத்தியர் வைல்டர் பென்ஃபீல்டும் அத்தாய்மாரை ஊக்கப்படுத்தினர். 1965 செப்டம்பரில் ஒரு பாலர் வகுப்புத் திறந்தது. உபாத்தியாயினி முதல் நாள் முதற்கொண்டு பிரஞ்சைத் தவிர வேறு பாஷை பேசுவதில்லை. எழுதப் படிக்கவும் முதலில் பிரஞ்சிலேயே கற்பித்து, சில வகுப்புகள் கடந்தபின் ஆங்கிலப் பாடத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தனர்.

லாம்பர்ட்டும் டக்கரும் இக்குழந்தைகளை வருஷந்தோறும் பரீக்ஷித்து 1972-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். சொந்தப் பாஷை கெட்டுப்போகும், கணக்கு வராது என்று அஞ்சியவர்களுக்கு அதில் ஆறுதல் கிடைத்தது. ஆங்கிலம் படிப்பதிலும் எழுத்துக் கூட்டுவதிலும் ஆரம்பத்தில் பிள்ளைகள் சற்றுப் பின்தங்கியது உண்மையே. பள்ளியில் ஆங்கிலப் பாடம் வந்த பிறகு அக்குறை விரைவில் நீங்கிற்று. பிரஞ்சில் படித்த கணக்கை ஆங்கிலத்தில் கேட்டாலும் விடை சொன்னார்கள். நாளொன்றுக்கு 40 நிமிஷம் பிரஞ்சைத் தனிப் பாடமாகப் படிக்கும் மற்றப் பிள்ளைகள் இவர்களுக்கு அருகில் நிற்க முடியாது.

ஆனாலும் மிகைப்படுத்திப் பேசுவோருக்கு ஒரு வார்த்தை. இப்பிள்ளைகள் கேட்பதிலும் படிப்பதிலும் பிரஞ்சுப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஈடாகிறார்கள். பேச்சிலும் எழுத்திலும் அவ்வாறு ஆவதில்லை. வகுப்பில் உபாத்தியாயர் பேசப் பிள்ளைகள் கேட்டிருப்பதே மிகுதி, கேட்டறிதல் மட்டும் போதாது, வாயும் உழைக்க வேண்டும் என்று டொராண்டோவின் மெரில் ஸ்வெய்ன் 1985-ல் எடுத்துக் காட்டினார். விளையாட்டு மைதானத்தில் இறங்கிய கணமே ஆங்கிலம் வந்துவிடுகிறது. 2021 ஜனக் கணக்கின்படி, க்யூபெக்குக்கு வெளியே இரு பாஷைகளிலும் பேச வல்லவர் நூற்றுக்கு 9.5 பேரே. வசதியுள்ளவர் வீட்டுப் பிள்ளைகள் பிரஞ்சு வகுப்பில் கூடுவதும், படிப்பில் இடர்ப்படும் பிள்ளைகள் ஆங்கில வகுப்பில் தங்கிவிடுவதுமான குறையையும் அந்நாட்டார் வெகுகாலமாக விவாதித்து வருகிறார்கள்.

இதெல்லாம் நமக்கு முக்கியமன்று. அயற்பாஷையில் அத்தனை பாடத்தையும் படித்த அக்குழந்தைகளின் தாய்ப்பாஷை ஏன் அழியவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம். ஏனெனில் அதை அழிக்கக் கூடியது எதுவும் அங்கே இல்லை. வீட்டில் ஆங்கிலம், பத்திரிகையில் ஆங்கிலம், கண்டம் முழுவதும் ஆங்கிலம். பிரஞ்சு அதன்மேல் ஏறிய லாபம். லாம்பர்ட் இதைக் கூட்டல் என்றார். எளியோர் பாஷையைத் தள்ளிவிட்டு வலியோர் பாஷை அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளுமாயின், அதைக் கழித்தல் என்றார்.

கழித்தலின் கணக்கைக் கனடாவின் பிரஞ்சு ஜனங்களே நன்கறிவர். ஒண்டேரியோ மாகாண சர்க்கார் 1912-ல் 17-ஆம் விதி என்ற உத்தரவைப் பிறப்பித்து, முதலிரண்டு வருஷங்களுக்கு மேல் பிரஞ்சில் பாடம் நடத்தலாகாதென்று தடுத்தது. 1927-ல்தான் அப்பிடி தளர்ந்தது. மானிடோபா மாகாணமோ 1916-ல் இரு பாஷைப் பள்ளிகளையே ஒழித்துவிட்டது. பிரஞ்சுக் குழந்தைக்குப் பிரஞ்சைத் தடுத்த அதே மாகாணங்களில் இன்று ஆங்கிலக் குழந்தையைப் பிரஞ்சு வகுப்பில் சேர்க்கப் பெற்றோர் முந்துகின்றனர்! சிறுபான்மைப் பிரஞ்சு ஜனங்கள் இவ்வகுப்புகளே தங்கள் பிள்ளைகளுக்கும் போதுமென்று இருந்துவிடவில்லை. 1982-ஆம் வருஷத்து உரிமைச் சாசனத்தின் 23-ஆம் பிரிவின் பலத்தால், தங்கள் பாஷையே ஆளும் தனிப் பள்ளிகளைக் கேட்டுப் பெற்றார்கள். ஆங்கிலக் குழந்தைக்கு லாபமான வகுப்பு பிரஞ்சுக் குழந்தைக்குப் போதாது என்பதை அவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தார்கள்.

இனி நம்மவர் விஷயம். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து உயிர் பிழைத்துச் சென்ற தமிழர் ஆயிரக்கணக்கில் டொராண்டோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறியிருக்கிறார்கள். மாண்ட்ரீலில் உள்ளவர்களுக்குத் தெரிவு செய்யும் சிரமமில்லை. 1977-ஆம் வருஷத்து 101-ஆம் சட்டம், குடியேறியவர் பிள்ளைகளைப் பொதுவாகப் பிரஞ்சுப் பள்ளிக்கே அனுப்பச் சொல்கிறது. டொராண்டோத் தகப்பனாருக்கோ தெரிவு உண்டு. வீட்டில் தமிழ், வீதியில் ஆங்கிலம், வகுப்பில் பிரஞ்சு என மூன்றையும் சிறு குழந்தை சுமக்குமா என்று அவர் கலங்குகிறார். பிரஞ்சில் முழுகும் பிள்ளை தமிழைத் தலைமுழுகிவிடுமோ என்று பாட்டியார் கேட்கிறார். பாட்டியாரின் கேள்வியே கூர்மையானது.

சுமையைப் பற்றிய அச்சத்துக்கு ஆதாரம் குறைவு. ஸ்வெய்னும் அவருடைய கூட்டாளிகளும் டொராண்டோவில் ஆங்கிலமும் பிரஞ்சுமாகப் பாடம் நடந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்து 1990-ல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டில் வேறொரு பாஷை வழங்கும் பிள்ளைகளுள், அப்பாஷையை எழுதவும் படிக்கவும் அறிந்தவர்கள் பிரஞ்சில் மேம்பட்டு நின்றார்கள். வெறும் பேச்சுப் பழக்கத்தினால் அவ்வளவு பலன் இல்லை. எழுத்தறிவுதான் பலன் தந்தது. ஆகவே டொராண்டோத் தமிழ்ப் பிள்ளைக்கு அகர முதலாகிய எழுத்துக்களைக் கற்பிப்பது பிரஞ்சுப் படிப்புக்கு இடைஞ்சலாகுமென்று அஞ்சுவதற்கில்லை.

தமிழுக்கு ஆபத்து பிரஞ்சினால் வரப்போவதில்லை. மைதானத்திலும் திரையிலும் அண்ணன் தம்பிகளுக்குள்ளும் ஓசையின்றி நுழையும் ஆங்கிலத்தினால் வருகிறது. ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தாலும் அது வந்தே தீரும். நம்மில் ஆங்கிலம் கற்றுக் கோர்ட்டுகளில் மணிக்கணக்காக வாதாடியவர்களுள், தாயாருக்குப் பிழையின்றி ஒரு காகிதம் தமிழில் எழுத மாட்டாதவர் எத்தனை பேர்! தமிழ் வழங்கும் நாட்டின் நடுவிலேயே இப்படியானால், பனி மூடிய தேசத்தில் அடுக்குமாடி வீட்டுக்குள் வளரும் பிள்ளையின் கதியென்ன?

ஆதலால் நமது அபிப்பிராயம் இது. பிரஞ்சு வகுப்பில் தாராளமாகச் சேர்க்கலாம். இப்போது மனமில்லாவிட்டால், பல இடங்களில் நாலாம் வகுப்பிலோ ஆறு ஏழாம் வகுப்பிலோ சேரும் வழியும் உண்டு. பின்னால் சேர்வோரும் நன்றாகவே கற்கிறார்கள். தமிழுக்கு அத்தகைய பின்வாசல் கிடையாது. 1977-ல் ஒண்டேரியோ சர்க்கார் ஏற்படுத்திய பரம்பரைப் பாஷை வகுப்புகள் இன்று வேறு பெயரில் நடந்து வருகின்றன. வாரம் இரண்டரை மணி நேரமே. தமிழும் அவ்வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. மீதியை வீட்டார் கொடுக்க வேண்டும்: இரவில் ஒரு கதை, வாரம் ஒரு கடிதம், ஆங்கிலத்தில் கேட்ட பிள்ளைக்குத் தமிழில் பதில். பிரஞ்சு வகுப்பின் இடத்துக்காக அத்தனை பாடுபடும் தகப்பனார், பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டால் தாமும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்வாரானால், பாட்டியாருக்கு என்ன சமாதானம் சொல்லப்போகிறார்?