கைக்கெட்டும் இடத்தில்

கார் நிறுத்தும் கொட்டகையில் ஒருவர் விமானம் கட்டுகிறார் என்றால் நம்மில் பலர் நகைப்போம். அமெரிக்க நாட்டிலோ இத்தகையோர் ஆயிரக்கணக்கில் உண்டு. 1953-ஆம் ஆண்டு முதல் அவர்களுக்கெனச் சங்கமே இயங்கி வருகிறது. விமானத்தின் பெரும்பகுதியைக் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ தாமே கட்டியிருத்தல் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இறக்கையையும் உடலையும் வரைபடத்தின்படி கட்டுவோர், விமானியின் எதிரேயுள்ள கருவிப் பலகையை மட்டும் பெரும்பாலும் தம் விருப்பம்போல் அமைத்துக்கொள்கின்றனர். இடர் தொடங்குவதும் பல வேளைகளில் அங்கேதான்.

கண்ணுக்கு உரியவற்றை எங்கே வைப்பது என்பது பெரும்பாலும் தீர்ந்துபோன கேள்வி. வேகமானி, விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி, உயரமானி ஆகிய மூன்றும் மேல் வரிசையில். திரும்பலையும் திசையையும் ஏற்ற இறக்கத்தையும் காட்டுவன கீழ் வரிசையில். இன்று இவை ஒரே மின்திரையில் அடங்கிவிட்டாலும், நடுவில் சாய்வு, இடத்தில் வேகம், வலத்தில் உயரம் என்னும் ஒழுங்கு மாறவில்லை.

கைக்கு உரியவற்றில்தான் சிந்தனை தேவை. நம் இல்லத்தரசியர், விளக்கு அணைந்தாலும் உப்புச் சாடியைத் தடவி எடுத்துவிடுவார்கள். உப்பும் சர்க்கரையும் ஒரே வடிவச் சாடிகளில் அருகருகே இருந்தால்? இரண்டாம் உலகப் போரில் இதுவே நேர்ந்தது. பி-17 என்னும் குண்டுவீச்சு விமானத்தில், சக்கரங்களை மடக்கும் விசையும் இறக்கை மடல்களை இயக்கும் விசையும் ஒன்றுபோல் அருகருகே இருந்தன. தரையிறங்கிய பின் மடல்களை உயர்த்த எண்ணிய விமானிகள் சக்கரங்களை மடக்கிவிட, விமானம் வயிற்றால் தரையில் மோதிற்று. 1943-இல் அல்போன்ஸ் சபானிஸ் என்னும் உளவியல் அறிஞர் இதனை ஆராய்ந்தார். சக்கர விசைக்குச் சிறு ரப்பர்ச் சக்கரத்தையும், மடல் விசைக்கு ஆப்பு வடிவத்தையும் பொருத்தினார். விரல் தொட்டதும் வேறுபாடு தெரிந்தது. மனிதனைத் திட்டுவதை விடுத்துப் பலகையைத் திருத்திய அவரை எத்துணை பாராட்டினாலும் தகும்!

1997 அக்டோபர் 12-ஆம் நாள், புகழ்பெற்ற பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவின் மாண்டரே வளைகுடாவில் விழுந்து மாண்டார். வயது 53. அவர் 2,700 மணி நேரத்துக்கும் மேல் பறந்த விமானி. அவர் ஓட்டியது, வேறொருவர் கட்டிய லாங்-ஈஸி விமானம். எரிபொருள் தொட்டியை மாற்றும் வால்வு விமானியின் கால்களுக்கிடையே இருக்க வேண்டும் என்பது வரைபடம். எரிபொருள் குழாய்கள் விமானி அறைக்குள் வரலாகாது என்று கருதிய அவ்விமானத்தைக் கட்டியவர், அதனை விமானியின் இடத்தோளுக்குப் பின்னே கொண்டுபோய் வைத்தார். நல்ல எண்ணமே, ஆனால் கை எட்டவில்லை. இடுக்கி ஒன்றைப் பூட்டிக் கைப்பிடியை நீட்டிப் பார்த்தும் பயனில்லை. எரிபொருள் அளவைக் காட்டும் குழாய்களும் முதுகுப்புறம். அவற்றைக் காணப் பணியாளர் ஒருவர் சிறு கண்ணாடியைக் கொடுத்தாராம். தொட்டியை மாற்ற உடலை இடப்புறம் முழுதும் திருப்ப வேண்டும்; திரும்புகையில் வலக்கால் தானாகவே திசைமாற்று மிதியை அழுத்திவிடும் என்பதை விசாரணையாளர் கண்டனர். குறியீடு எதுவுமின்றி எட்டாத இடத்தில் வால்வை வைத்ததும் விபத்துக்குத் துணைக்காரணம் என அரசு விசாரணை வாரியம் எழுதிற்று.

1920-இல் திருத்தந்தை 15-ஆம் பெனடிக்ட், லொரேத்தோ அன்னையை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். அன்னையின் பாதுகாவலை நாடுவோர் வால்வையும் எட்டும் இடத்தில் வைத்தல் நன்று.

விவரமறிந்தோர் உலோகத்தை வெட்டுமுன் அட்டையில் பலகை செய்கின்றனர். இருக்கை வாரை இறுகக் கட்டி, கண்களை மூடி, ஒவ்வொரு விசையையும் தொட்டுப் பார்க்கின்றனர். ஓட்டப்போகிறவர் குள்ளமானவராயின் அவரையே அமர்த்திப் பார்க்க வேண்டும். பழுதுபார்ப்பவர் தலைகீழாய்ப் படுத்து நுழையாதபடி, பலகையைக் கழற்றவோ சாய்க்கவோ வழியும் வைக்கின்றனர்.

எட்டும் இடம் எது என்பதோ ஆளுக்கு ஆள் வேறு. 1983-இல் அரிசோனாவில் இரு கைகளுமின்றிப் பிறந்த ஜெசிக்கா காக்ஸ் அம்மையார், 2008-இல் விமானி உரிமம் பெற்றார். அவர் கற்ற எர்கூப் விமானம் 1937-இல் முதன்முதல் பறந்தது. அதனை வடிவமைத்த பிரெட் வைக், பொதுமக்கள் எளிதாக ஓட்ட வேண்டுமென்று திசைமாற்று மிதிகளையே நீக்கி, எல்லாவற்றையும் ஒரே சக்கரத்தில் இணைத்திருந்தார். கைகளற்ற ஒருவருக்காக அவர் அதனைச் செய்யவில்லை. ஆயினும் எழுபது ஆண்டுகளுக்குப் பின், ஜெசிக்கா ஒரு பாதத்தால் அச்சக்கரத்தையும் மறுபாதத்தால் எஞ்சின் விசையையும் பிடித்துப் பறந்தார். பின்னர், பாதங்களால் இயக்கத்தக்க ஆர்.வி.-10 என்னும் நான்கு இருக்கை விமானத்தை அவருக்கெனவே கட்டும் முயற்சி தொடங்கிற்று. அங்கே பலகையின் ஒவ்வொரு விசையும் விரல்களின் எட்டத்தைக் கொண்டு அளக்கப்படுவதில்லை. கால்விரல்களின் எட்டத்தைக் கொண்டே அளக்கப்படுகிறது.