அசலும் போலியும்: பாபெர்ஜே நகைகளின் கதை

பொன்னின் மாற்றை அறிவதற்கு உரைகல் உண்டு. கல்லிலே ஒரு கீறல் இட்டு, அதனை மாற்றறிந்த பொன்னின் கீறலோடு ஒப்பிட்டு நோக்கி, இது இன்ன மாற்றுப் பொன் என்று பொற்கொல்லர் கூறிவிடுவார். ஆனால் ஒரு நகையை இன்னார் செய்தார் என்று கூறவல்ல உரைகல் எங்கும் இல்லை. உலகப் புகழ் வாய்ந்த நகையாளர் ஒருவரின் படைப்பு என்று விற்கப்படும் சிறியதொரு பொற்பெட்டிக்கு, அதிலுள்ள பொன்னின் பெறுமதியைப் போலப் பன்மடங்கு விலை கொடுக்கப்படுகின்றது. அவ்விலையிற் பெரும்பகுதி அவருடைய பெயருக்கே உரியது. ஆகவே, பித்தளைக்குப் பொன்முலாம் பூசி ஏமாற்றுவதிலும் பார்க்க, நல்ல பொன்னிலே நல்ல கற்களைப் பதித்து அதன்மேற் பிறருடைய பெயரைப் பொறிப்பது ஊதியம் மிக்க மோசடியாகின்றது. இத்தகைய நகையிலே பொன் அசல், கல் அசல், பெயர் மாத்திரம் போலி. இதனைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, போலி செய்வோர் பெரிதும் விரும்பிய ஒரு பெயரையே எடுத்து ஆராய்வது பொருத்தமாகும். அதுவே உருசிய நாட்டுப் பாபெர்ஜே என்னும் பெயர்.

குஸ்தாவ் பாபெர்ஜே என்பவர் 1842ஆம் ஆண்டில் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரத்தில் ஒரு நகைக்கடையைத் தொடங்கினார். அவருடைய மகன் கார்ல் பாபெர்ஜே 1872ஆம் ஆண்டில் அதன் பொறுப்பை ஏற்றார். 1885ஆம் ஆண்டில், சக்கரவர்த்தி மூன்றாம் அலெக்சாந்தர் தம் தேவியாருக்கு உயிர்த்த ஞாயிறுப் பரிசாக அளிப்பதற்கு, இந்நிறுவனத்தார் ஒரு முட்டையைச் செய்து கொடுத்தனர். அன்று தொடங்கிய வழக்கம் அவர் மகன் இரண்டாம் நிக்கலசின் காலத்திலும் தொடர்ந்தது. இவ்வாறு அரச குடும்பத்துக்காகச் செய்யப்பட்டவை 50 முட்டைகள். இவையன்றிச் சிகரெட்டுப் பெட்டி, மணிக்கூடு, படச்சட்டம், குடைப்பிடி, கல்லிற் செதுக்கிய விலங்குருவம் என ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் இந்நிறுவனத்திலிருந்து வெளிவந்தன. 1917ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னர் நிறுவனம் அரசுடைமையாயிற்று. நாட்டை விட்டு வெளியேறிய கார்ல் பாபெர்ஜே 1920ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்தில் மறைந்தார். புதிய சோவியத்து அரசு தனக்கு வேண்டிய அந்நியச் செலாவணியைப் பெறுதற்பொருட்டு அரண்மனைச் செல்வங்களை மேல்நாடுகளில் விற்றது. வாங்குவோர் பெருகினர், செய்வாரோ இல்லை. இந்த இடைவெளியிலேதான் போலிகள் புகுந்தன.

ஒரு வழக்கிலே நீதிபதி சாட்சிகளை விசாரிப்பது போல, இத்தகைய நகையையும் மூன்று சாட்சிகளைக் கொண்டு விசாரித்தல் வேண்டும். முத்திரை, கைவேலை, வரலாறு என்பன அம்மூன்றும் ஆகும்.

முதலாவது சாட்சி முத்திரை. நம்மவர் பத்தரை மாற்று என்றும், மேல்நாட்டார் 24 கரற் என்றும் தூய பொன்னை அளவிட்டது போல, உருசியர் அதனை 96 சொலொத்னிக் என்று அளவிட்டனர். ஆகவே பாபெர்ஜேயின் பொற்பொருள்களிலே 56 அல்லது 72 என்னும் எண்களைக் காணலாம். 56 என்பது நூற்றுக்கு 58.3 பங்கு பொன். அதாவது 14 கரற். 72 என்பது நூற்றுக்கு 75 பங்கு. அதாவது 18 கரற். வெள்ளிப் பொருள்களில் 84, 88 என்னும் எண்கள் பெரும்பான்மையாகக் காணப்படும்.

இவ்வெண்ணோடு அரசாங்கப் பரிசோதனை நிலையத்தின் அடையாளமும் இருக்கும். 1899ஆம் ஆண்டுக்கு முன்னர் சென் பீற்றர்ஸ்பேர்க்கின் அடையாளம், செங்கோலோடு குறுக்கிட்ட இரு நங்கூரங்கள். 1899 முதல், கொக்கோஷ்னிக் என்னும் உருசியத் தலையணி அணிந்த பெண்முகம் ஒன்று பொறிக்கப்பட்டது. அம்முகம் முதலில் இடப்புறம் நோக்கியது. அருகே பரிசோதனை அதிகாரியின் பெயரெழுத்துக்கள் இருந்தன. 1908ஆம் ஆண்டின் பின்னர் அது வலப்புறம் நோக்கியது. பெயரெழுத்துக்களுக்குப் பதிலாக நகரத்தைக் குறிக்கும் கிரேக்க எழுத்து ஒன்று வந்தது. இவையன்றிப் பட்டறைத் தலைவரின் பெயரெழுத்துக்களும், நிறுவனத்தின் பெயரும் தனித்தனியே பொறிக்கப்பட்டன.

இவ்விவரங்கள் ஒன்றோடொன்று இணங்க வேண்டும் என்பதே முக்கியமானது. மிகையில் பேர்கின் என்பவர் பாபெர்ஜேயின் தலைசிறந்த பட்டறைத் தலைவர்களுள் ஒருவர். அவர் 1903ஆம் ஆண்டிற் காலமானார். அவருடைய பெயரெழுத்துக்களும், 1908ஆம் ஆண்டின் பின் வந்த வலப்புறம் நோக்கிய முகமும் ஒரே பெட்டியிற் காணப்படுமாயின், இறந்த மனிதர் ஐந்தாண்டு கழித்து வேலை செய்தார் என்று கொள்ள வேண்டிவரும். இவ்வாறே மொஸ்கோக் கிளையார் பொதுவாக அரச கழுகுச் சின்னத்தின் கீழ் நிறுவனப் பெயரை முதலெழுத்தோடு சேர்த்துப் பொறித்தனர்; தலைநகரத்துப் பொருள்களிலோ முதலெழுத்தின்றிப் பெயர் மட்டுமே பட்டறைத் தலைவரின் எழுத்துக்களோடு வரும். இரு நகரத்து வழக்கங்களும் கலந்திருக்கும் பொருள் ஐயத்துக்கு இடமானது. அவசரமாக வேலை செய்யும் போலிக்காரர் பலர் இத்தகைய முரண்பாடுகளாலேயே அகப்பட்டுக் கொள்கின்றனர்.

எனினும், முத்திரைகள் யாவும் இணங்கிவிட்டமையால் நகை அசலென்று முடிவு செய்துவிடல் ஆகாது. முத்திரையச்சு ஒரு சிறு உருக்குத் துண்டு. திறமையுள்ள கொல்லர் எவரும் அதனை வெட்டிவிடலாம். இன்னொரு வகை மோசடி இதனிலும் நுட்பமானது. அக்காலத்திற் சென் பீற்றர்ஸ்பேர்க்கிலே பாபெர்ஜேக்குப் போட்டியாக வேறு நல்ல நகையாளரும் இருந்தனர். அவர்கள் செய்த பொருளை எடுத்து, அவர்களுடைய பெயரை அராவிவிட்டுப் பாபெர்ஜே என்று பொறித்தால், காலமும் உண்மை, நாடும் உண்மை, மாற்று முத்திரையும் உண்மையாகவே இருக்கும். சிலபோது சாதாரண வெள்ளிக் கரண்டி ஒன்றிலுள்ள அசல் முத்திரையை வெட்டியெடுத்துப் பற்றாசு வைத்து வேறொரு பொருளிலே பொருத்துவதும் உண்டு. மறுபுறத்திலே, கல்லில் மட்டும் செதுக்கப்பட்ட அசல் விலங்குருவங்களிற் பெரும்பாலானவற்றுக்கு முத்திரையே கிடையாது. ஆகவே முத்திரை இருப்பதனால் அசல் என்றோ, இல்லாமையினாற் போலி என்றோ கூறிவிட முடியாது.

இரண்டாவது சாட்சி கைவேலை. இங்கே உருப்பெருக்கிக் கண்ணாடி உதவுகின்றது. முதலில் முத்திரையின் விளிம்பையே நோக்குதல் வேண்டும். அச்சினால் அடிக்கப்பட்ட முத்திரையின் விளிம்பு கூர்மையாக இருக்கும். அசற் பொருள் ஒன்றிலிருந்து கருவெடுத்து வார்க்கப்பட்ட போலியிலோ, முத்திரையும் சேர்ந்தே வார்க்கப்பட்டமையால் அதன் விளிம்பு மழுங்கி, பரப்பிலே நுண்ணிய துளைகள் காணப்படும்.

பின்னர் எனாமல் வேலையை நோக்குதல் வேண்டும். பாபெர்ஜேயின் பட்டறையிலே, பொன் அல்லது வெள்ளித் தகட்டில் இயந்திரத்தினால் அலை அலையாக நுண்கோடுகள் வெட்டப்படும். அதன்மேல் ஒளிபுகும் எனாமலை மெல்லிய படைகளாகப் பூசி, ஒவ்வொரு படையையும் ஏறக்குறைய 700 முதல் 800 பாகை செல்சியசு வெப்பத்திற் சுடுவர். கடைசியாக நெடுநேரம் மெருகிடுவர். அதனாலே அடியிலுள்ள கோடுகள் தெளிந்த நீருக்குள் மணல் தெரிவது போலத் தெரியும். மேற்பரப்போ சற்றும் மேடுபள்ளமின்றி இருக்கும். போலிகளில் எனாமல் கலங்கியிருக்கும், ஓரங்களிலே வழிந்திருக்கும், குமிழிகள் தோன்றும்.

மூடியின் பிணைச்சலும் நல்ல சாட்சி. அசற் பெட்டியின் மூடி மூடப்படும்போது பிணைச்சல் இருக்கும் இடமே கண்ணுக்குப் புலப்படாது. பொருளைத் திருப்பிப் பின்புறத்தையும் பார்த்தல் வேண்டும். யாரும் காணாத பக்கத்தையும் முன்பக்கத்தைப் போலவே துப்புரவாக முடித்தல் நல்ல பட்டறையின் இயல்பு. ஊதியம் ஒன்றையே கருதுபவர் அவ்வளவு நேரத்தைச் செலவிட விரும்பார்.

கற்களும் காலத்தைக் கூறும். பிரான்சு நாட்டு வெர்ணுவே என்பவர், சுடரிலே தூளை உருக்கிச் செயற்கைச் செம்மணி ஆக்கும் முறையை 1902ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்முறையில் ஆக்கிய கல்லின் உள்ளே வளைந்த கோடுகளும் வாயுக் குமிழிகளும் தெரியும். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராகச் செல்லும். 1890ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று காட்டப்படும் நகையிலே அத்தகைய செயற்கைக் கல் இருக்குமாயின், கல் பின்னர் மாற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது நகையே பிற்காலத்தது என்று கொள்ளுதல் வேண்டும். இன்று எக்ஸ் கதிர்க் கருவிகள் நகைக்கு ஊறு செய்யாமலே உலோகக் கலவையை அளந்து சொல்லுகின்றன. எனினும் கருவி ஒரு பொருளைப் போலியென்று நிறுவக்கூடுமேயன்றி, அதனைப் பாபெர்ஜேயின் பட்டறையே செய்தது என்று நிறுவ மாட்டாது. பழைய பொன்னை உருக்கிப் புதிய போலி செய்யவும் கூடுமன்றோ?

மூன்றாவது சாட்சி வரலாறு. அதாவது, பொருள் செய்யப்பட்ட நாள் தொடக்கம் இன்றுவரை யார் யார் கையில் இருந்தது என்பதற்கான ஆதாரம். பாபெர்ஜேயின் இலண்டன் கிளையிலே 1907 முதல் 1917 வரை எழுதப்பட்ட விற்பனைப் பேரேடுகள் இன்றும் உள்ளன. வாங்கியவர் பெயர், பொருளின் விவரம், விலை ஆகியன அவற்றிற் பதியப்பட்டுள்ளன. ஒல்ம்ஸ்ட்ரோம் பட்டறையின் நகை வரைபட ஏடுகள் கண்டுபிடிக்கப்பட்டு, 1993ஆம் ஆண்டில் நூலாகவும் வெளிவந்தன. பொருளிலே ஊசியாற் கீறப்பட்ட இருப்பெண் ஏட்டிலுள்ள எண்ணோடும் விவரத்தோடும் ஒத்திருக்குமாயின், அதனிலும் வலிமையான சான்று வேறில்லை.

இச்சாட்சியின் ஆற்றலை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். 1887ஆம் ஆண்டில் அரச குடும்பத்துக்குச் செய்யப்பட்ட முட்டையொன்று நெடுங்காலமாகக் காணாமற் போயிருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலே பழைய உலோகம் வாங்கி விற்கும் ஒருவர், பழம்பொருட் சந்தையில் ஒரு பொன்முட்டையைக் கண்டு ஏறக்குறைய 14,000 டொலருக்கு வாங்கினார். அதன் உயரம் 8.2 சென்ரிமீற்றர், உள்ளே வசெரோன் கொன்ஸ்தாந்தின் என்னும் சுவிசுக் கடிகாரம் இருந்தது. முட்டையை உருக்குவோருக்கு விற்று 500 டொலர் வரையில் ஊதியம் பெறலாம் என்பதே அவர் எண்ணம். பொன் வாங்குவோர் சிலர் அதனை உரசிப் பார்த்தனர். அவர் கேட்ட விலை அதிலுள்ள பொன்னுக்கு மிகை என்று கூறி வாங்க மறுத்தனர். அவர்கள் இட்ட கீறல்கள் இன்றும் அம்முட்டையில் உள்ளன.

இதற்கிடையில், ஆய்வாளர் சிலர் 1964ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் நடந்த ஏல விற்பனையின் பட்டியலிலே ஒரு படத்தைக் கண்டனர். முட்டை வடிவப் பொற்கடிகாரம் என்று மட்டுமே குறிக்கப்பட்டு, பாபெர்ஜேயின் பெயரே இல்லாமல், அது 2,450 டொலருக்கு விற்கப்பட்டிருந்தது. 1902ஆம் ஆண்டிற் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் நடந்த கண்காட்சியின் புகைப்படத்திலே, சக்கரவர்த்தினியின் பொருள்களுக்கிடையே அதே முட்டை காணப்பட்டது. இச்செய்தி 2011ஆம் ஆண்டில் இலண்டன் நாளிதழ் ஒன்றில் வெளியாயிற்று. அமெரிக்க வணிகர் கடிகாரத்திலிருந்த பெயரைக் கொண்டு இணையத்தில் தேடியபோது அக்கட்டுரையைக் கண்டு திகைத்தார். படங்களோடு இலண்டனுக்குச் சென்று வார்ட்ஸ்கி என்னும் நகை வணிக நிறுவனத்தாரைச் சந்தித்தார். அவர்கள் முட்டையை நேரிற் பரிசோதித்து அசலென உறுதிசெய்தனர். 2014ஆம் ஆண்டில் அது இலண்டனிற் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன் பெறுமதி ஏறக்குறைய 33 மில்லியன் டொலர் என அப்பொழுது செய்தித்தாள்கள் எழுதின. பொன்னின் மாற்றை மட்டும் கேட்டவர்களுக்கு அம்முட்டை பொன்னின் விலையை மட்டுமே கூறிற்று. பழைய புகைப்படம் ஒன்று இல்லையாயின் அது உலையிலே கரைந்திருக்கவும் கூடும்.

அறிஞர்களிடையேயும் இவ்விடயத்திற் கருத்து வேற்றுமை எழுவதுண்டு. சென் பீற்றர்ஸ்பேர்க்கிலுள்ள ஏர்மித்தாஜ் நூதனசாலையில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பாபெர்ஜேக் கண்காட்சியிலே போலிகள் பல இடம்பெற்றுள்ளன என்று இலண்டன் வணிகர் ஒருவர் 2021ஆம் ஆண்டிற் பகிரங்கக் கடிதம் எழுதினார். நூதனசாலையின் தலைவர் கண்காட்சியின் சார்பாக மறுமொழி கூறினார். பெரியதொரு நூதனசாலையின் கண்ணாடிப் பேழைக்குள் இருப்பதும் தன்னளவில் முடிவான சான்றாகக் கொள்ளப்படுவதில்லை என்பதை இவ்விவாதம் காட்டுகின்றது. அங்கேயும் ஆதாரம் கேட்கப்படுகின்றது.

இம்முறை பாபெர்ஜேக்கு மட்டும் உரியதன்று. இன்று பாரிசு நகரத்துக் கார்த்தியே போன்ற நிறுவனங்களின் நகைகளில் நிறுவனப் பெயரும், பொன்மாற்றும், தொடரெண்ணும் பொறிக்கப்படுகின்றன. 750 என்பது 18 கரற் பொன்னைக் குறிக்கும். பிரான்சு அரசின் கழுகுத் தலை முத்திரையும் அம்மாற்றுக்கு உரியதே. இவற்றை நோக்குதல் நன்று. ஆனால் அசல் மோதிரம் ஒன்றின் எண்ணை நூறு போலிகளிற் பொறித்துவிடலாம். ஆகையால் எழுத்துக்களின் கூர்மை, பிணைச்சலின் இறுக்கம், உட்புறத்தின் மெருகு ஆகியவற்றையும் நோக்கி, முதல் விற்பனையின் பற்றுச்சீட்டையும் கேட்டல் வேண்டும். பற்றுச்சீட்டும் பெட்டியும் கூடப் போலியாகச் செய்யப்படுவதனால், அவற்றிலுள்ள எண்ணும் நாளும் விவரமும் நகையோடு இணங்குகின்றனவா என்று ஒப்பிடுதல் அவசியம். விற்பவர் அவசரப்படுத்தினாலோ, பரிசோதனைக்கு இடங்கொடாவிட்டாலோ, விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைந்திருந்தாலோ வாங்காமல் விடுதலே அறிவுடைமை.

நகை வாங்குதல் பலருக்கு வாழ்நாட் சேமிப்பைச் செலவிடும் கருமம். பொன்னை நம்பி வாங்குபவருக்கு உரைகல்லே போதும். பெயரை நம்பி வாங்குபவரோ முத்திரையைப் படித்து, கைவேலையை ஆராய்ந்து, வரலாற்றை விசாரித்தல் வேண்டும். மூன்று சாட்சிகளும் ஒரே கதையைக் கூறுமாயின் விலையைப் பற்றிப் பேசலாம். ஒரு சாட்சி மாறிக் கூறினும், பணத்தை வெளியே எடுக்குமுன் அதற்குரிய காரணத்தை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.