டாக்டர் இல்லையாம் என்று திரும்பி வராதீர்கள்

நாய் கடித்து நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்கு வருபவர்களிடம் ஏன் அன்றைக்கே வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “வந்தோம் சார், டாக்டர் இல்லைன்னுட்டாங்க.” சொன்னது யார்? வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவர். அல்லது டீக்கடையில் உட்கார்ந்திருந்த யாரோ. உள்ளே போய்ப் பணியில் இருக்கும் செவிலியரைப் பார்த்து, “நாய் கடித்துவிட்டது, ஊசி போடுங்கள்” என்று கேட்டவர்கள் குறைவு.

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பற்றி மக்கள் மனத்தில் இருக்கும் படம், ஒரு டாக்டர், ஒரு மேசை, நீண்ட வரிசை. டாக்டர் நாற்காலி காலி என்றால் ஆஸ்பத்திரியே மூடிவிட்டது என்று நினைக்கிறார்கள். அங்கே செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர் என்று ஆளுக்கொரு பொறுப்பும் பதிவேடும் உண்டு. எந்த வேலை யாருடையது என்று தெரிந்தவர் வேலையை முடித்துக்கொண்டு போகிறார். தெரியாதவர் அடுத்த நாள் கூலியையும் இழந்துவிட்டு மறுபடி வருகிறார். இதை ஒரு பலகையில் எழுதி வாசலில் வைக்க எத்தனை செலவாகும்? பல நிலையங்களில் அந்தப் பலகை இல்லை. இருக்கும் பலகையிலோ ஐந்தாண்டுக்கு முன் மாற்றலாகிப் போனவரின் கைப்பேசி எண் இருக்கும்.

நாய்க்கடியிலிருந்தே தொடங்குவோம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். பிறகு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் நிலையங்களில் இரவிலும் செவிலியர் இருப்பார். தோலில் போடும் ஊசி கடித்த அன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என நான்கு தவணை. ஒரு பைசா கட்டணம் இல்லை. காயம் ஆழமாக இருந்தாலோ, ரத்தம் வந்தாலோ தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும். அதற்குப் பெரிய அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அனுப்பும்போது பரிந்துரைச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்மொழியாக “ஜி.எச். போங்க” என்பதோடு கிளம்பாதீர்கள். முதல் ஊசி எப்போது போட்டார்கள் என்று அங்கே கேட்பார்கள், உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

இரண்டு ஊசியோடு நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். “நாய் நல்லாத்தானே சுத்துது” என்பார்கள். ஊசியை நிறுத்தலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். நாயின் உரிமையாளர் அல்ல. வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழி இல்லை. வெளியூர் போக வேண்டியிருந்தால் ஊசி போட்ட சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள், அடுத்த தவணையை அந்த ஊர் அரசு நிலையத்திலேயே போட்டுக்கொள்ளலாம். சீட்டு முக்கியம். மறுபடி சொல்கிறேன், சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள்.

பாம்புக்கடிக்கு வேறு அவசரம். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கீறி ரத்தம் எடுப்பதும், மந்திரிக்கப் போவதும் உயிருக்கு உலை. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108ஐ அழையுங்கள். 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாகத் தமிழக அரசு அறிவித்துவிட்டது. அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும், சிகிச்சைக்கு வந்த பாம்புக்கடியைப் பதிவுசெய்து பொது சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். கடித்தது, விழுந்தது, அடிபட்டது எதுவானாலும் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். பின்னால் காப்பீடு, வழக்கு என்று வரும்போது தேடப்படுவது அந்த வரிதான்.

இப்போது கர்ப்பிணிகள் விஷயம். மக்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

சமவெளியில் ஏறக்குறைய ஐயாயிரம் பேருக்கும் மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம். அதன் பொறுப்பாளர் கிராம சுகாதார செவிலியர். ஊரில் நர்ஸம்மா என்பார்கள், இல்லையென்றால் வி.எச்.என். கர்ப்பம் உறுதியானதும் அவரிடம் பதிவு செய்து ‘பிக்மி’ எண் வாங்க வேண்டும். பன்னிரண்டு இலக்க எண் அது. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள். தனியார் மருத்துவமனையில்தான் பார்க்கிறோம், நமக்கு எதற்கு என்று வசதியுள்ளவர்கள் தட்டிக்கழிக்கிறார்கள். குழந்தை பிறந்து சான்றிதழுக்கு நிற்கும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். அப்போது நர்ஸம்மாவைத் தேடி ஓடுவார்கள், அவரோ எட்டு மாதத்துக்கு முந்தைய பரிசோதனை விவரங்களுக்கு எங்கே போவார்? தனியாரில் பிரசவம் பார்த்தாலும் பிக்மி எண் வேண்டும்.

அடுத்த சிக்கல் தாய்வீடு. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பெண்ணை அழைத்துப்போகிறார்கள். புகுந்த வீட்டு ஊரின் செவிலியர் பதிவேட்டில் அவள் இருக்கிறாள், பிறந்த வீட்டு ஊரின் செவிலியருக்கு அவளைத் தெரியாது. தடுப்பூசி, இரும்புச்சத்து மாத்திரை, ஸ்கேன், ஊட்டச்சத்துப் பெட்டகம், உதவித்தொகைத் தவணை எல்லாம் இந்த இடைவெளியில் விழுந்து காணாமல் போகின்றன. செய்ய வேண்டியது சின்ன வேலை. கிளம்பும் முன் முதல் செவிலியரிடம் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்த வாரமே தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு இரண்டாமவரைப் பாருங்கள். எண் மாறாது, அதே எண்ணில் தொடர்வார்கள். புதிதாக இன்னொரு பதிவு போடச் சொல்லாதீர்கள். ஒரே பெண்ணுக்கு இரண்டு எண் விழுந்தால் அதைச் சரிசெய்வதற்குள் பிள்ளை தவழ ஆரம்பித்துவிடும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கிடைப்பது 18,000 ரூபாய் மதிப்பு. அதில் 14,000 தவணைகளாக வங்கிக் கணக்குக்கு வரும், மீதி 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். 19 வயது நிரம்பிய, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள தாய்மார்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. பணம் வரவில்லை என்ற புகார்களை விசாரித்தால், திரும்பத் திரும்ப ஒரே காரணங்கள். கணவர் பெயரில் வங்கிக் கணக்கு கொடுத்திருப்பார்கள். ஆதாரில் தந்தை பெயரின் முதலெழுத்தும் வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரின் முதலெழுத்தும் இருக்கும். கணக்கு பல ஆண்டுகளாக வரவு செலவு இல்லாமல் முடங்கிப் போயிருக்கும். கர்ப்பிணியின் சொந்தப் பெயரில், ஆதார் இணைத்த, இயங்கிக்கொண்டிருக்கும் கணக்கு வேண்டும். இதைப் பிரசவத்துக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். முதல் பதிவின்போதே வங்கிப் புத்தகத்தையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரசவம் முடிந்து வீடு திரும்ப 102 ஊர்தி இலவசம். ஆட்டோக்காரருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. “ஆண் குழந்தைக்கு இவ்வளவு, பெண் குழந்தைக்கு இவ்வளவு” என்று யாராவது கை நீட்டினால் அதுவும் கொடுக்க வேண்டியதில்லை. சந்தோஷத்துக்குக் கொடுத்தோம் என்று நாமே பெயர் சூட்டி இந்த வழக்கத்தைச் சோறு போட்டு வளர்க்கிறோம். உங்களுக்கு அடுத்த கட்டிலில் படுத்திருப்பவரால் அதைக் கொடுக்க முடியாது என்பது நினைவிருக்கட்டும்.

பிறப்புப் பதிவு குழந்தை பிறந்த இடத்தில்தான் நடக்கும். தாய்வீட்டு ஊரில் பிறந்த குழந்தைக்குத் தகப்பன் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நிற்பதில் பயனில்லை. 21 நாளுக்குள் பதிவு இலவசம். முப்பது நாள் கடந்தால் அனுமதி ஆணை வேண்டும், ஓராண்டு கடந்தால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை நடை. பெயர் வைக்கவில்லை என்பதற்காகப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பெயரில்லாமலே பதியலாம், பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கி வாக்காளர் பட்டியல் வரை பிறந்த தேதிக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். பழைய காலம்போல் வாத்தியார் ஒரு தேதி போட்டுக்கொள்ளும் கதை முடிந்துவிட்டது. சான்றிதழைக் கையில் வாங்கியதும் தாய், தந்தை பெயர்களின் எழுத்தை அங்கேயே நின்று சரிபாருங்கள்.

தடுப்பூசி அட்டையை லேமினேஷன் செய்து கொண்டுவருகிறார்களே, அதைச் சொல்ல மறந்துவிடுவேன். செய்யாதீர்கள். அடுத்த ஊசியை அதில் எழுத முடியாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், போதும்.

சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரணப் பராமரிப்பும் உண்டு. பெயர் பட்டியலில் இல்லையென்றால் உங்கள் பகுதி தன்னார்வலரிடமோ துணை நிலையத்திலோ சொல்லிச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்பதற்காக வருடக்கணக்கில் பரிசோதனைக்கே போகாமல் இருப்பது ஆபத்து. அளவு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் பலர்.

ஒரு தெருவில் நாலு வீட்டில் வயிற்றுப்போக்கு, அல்லது வரிசையாகக் காய்ச்சல் என்றால் அது டாக்டரிடம் ஒவ்வொருவராகச் சொல்லும் சமாச்சாரம் இல்லை. சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும். குடிநீர்த் தொட்டியில் குளோரின் போடுகிறார்களா, கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஊராட்சிச் செயலரிடம் சொன்னோம் என்று நிறுத்திவிடாதீர்கள். தொட்டி ஊராட்சியுடையது, கண்காணிப்பு சுகாதாரத் துறையுடையது. இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டி நேரத்தைக் கடத்துவதில் கைதேர்ந்தவர்கள். ஆகவே இருவருக்கும் ஒரே நாளில் எழுதிக்கொடுங்கள்.

எழுதிக்கொடுப்பது என்றதும் வரும் கேள்வி, யாருக்கு? புகார்கள் காணாமல் போவதற்குப் பாதிக் காரணம் விலாசம். அரசு மருத்துவம் ஒரே கூரை இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறையின் கீழ். தாலுகா மருத்துவமனைகள் இணை இயக்குநர், நலப்பணிகள் அலுவலகத்தின் கீழ். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு டீன். ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பற்றி இணை இயக்குநருக்கு எழுதினால் அந்தக் காகிதம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாதக்கணக்கில் ஊரும்.

சரியான வரிசை இது: முதலில் நிலையத்தின் மருத்துவ அலுவலர். பிறகு ஒன்றிய அளவில் வட்டார மருத்துவ அலுவலர். அதற்கு மேல் மாவட்ட சுகாதார அலுவலர். முன்பு துணை இயக்குநர், சுகாதாரப் பணிகள் என்று அழைக்கப்பட்டவர். இங்கும் ஒரு பொறி இருக்கிறது. சுகாதார மாவட்டமும் வருவாய் மாவட்டமும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி தனிச் சுகாதார மாவட்டம். திருவண்ணாமலையில் செய்யாறு, திண்டுக்கல்லில் பழனி, இராமநாதபுரத்தில் பரமக்குடி, புதுக்கோட்டையில் அறந்தாங்கி என்று பல. உங்கள் நிலையம் எதில் சேர்ந்தது என்று கேட்டுக்கொண்டு விலாசம் எழுதுங்கள். மாநகராட்சி நகர்ப்புற நிலையம் என்றால் மாநகர நல அலுவலர்.

மனுவில் நாள், நேரம், நிலையத்தின் பெயர், கேட்ட சேவை, கிடைத்த பதில் இவை போதும். அரசாங்கத்தைத் திட்டி மூன்று பக்கம் எழுதினால் படிக்க மாட்டார்கள், சாக்குச் சொல்லவும் வசதியாகிவிடும். புறநோயாளிச் சீட்டின் நகலை இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகையுடன் விரைவுத் தபால். அன்றே உதவி வேண்டுமானால் 104 எண்ணில் புகார் சொல்லலாம், முதல்வரின் உதவி மையத்துக்கு 1100. இரண்டிலும் புகார் எண் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகாரை நாளைக்கு யாரும் தேடித்தர மாட்டார்கள்.

மருந்து இல்லை, வெளியே வாங்குங்கள் என்று சொன்னால், அந்த மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாகத்தான் மருந்துகள் வாங்கி அனுப்பப்படுகின்றன. எது வந்தது, எது இருப்பு என்பது மருந்தாளுநரின் கணக்கில் இருக்கும். அந்த இருப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். “குறிப்பிட்ட நாளில் இன்ன மருந்தின் இருப்புப் பதிவேட்டுப் பக்கத்தின் நகல்” என்று கேளுங்கள். ஏன் மருந்து இல்லை என்று கேட்டால் அது கேள்வி, தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. தேதிகளைத் தவறவிடாதீர்கள். அலுவலகங்கள் காத்திருப்பது அதற்காகத்தான்.