தேர் வடத்தில் எத்தனை டென்ஷன்?

(இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்)

டென்ஷன் என்றதும் அரியர் பேப்பர் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. நான் சொல்ல வந்தது கயிற்றில் உண்டாகும் இழுவிசையைப் பற்றி.

மேஜை மேல் 10 கிலோ கட்டை. அதில் கட்டிய கயிறு, ஓரத்தில் உள்ள கப்பி வழியாக இறங்கி 5 கிலோ எடையைத் தாங்குகிறது. உராய்வுக் கெழு 0.3. புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். டென்ஷன் எவ்வளவு? முதல் வருடத்தில் நான் யோசிக்காமல் 50 நியூட்டன் என்று எழுதி, முட்டை வாங்கினேன். தொங்குவது 50, கயிறு தாங்குவதும் 50தானே என்ற நினைப்பு!

எனக்கு இது புரிந்தது வகுப்பில் அல்ல, ஸ்ரீரங்கத்தில், சித்திரைத் தேர் அன்று. நான்கு சித்திரை வீதிகளையும் தேர் சுற்றி வரும். "ரங்கா! ரங்கா!" என்ற கோஷத்தோடு நானும் வடம் பிடித்தேன். வடத்தின் நுனியில் நிற்பவர் 200 நியூட்டன் இழுக்கிறார் என்று வையுங்கள். அவருக்குப் பின்னால் கயிற்றில் டென்ஷன் 200. அடுத்தவரும் 200 போட்டால், அவருக்குப் பின்னால் 400. இப்படி நூறு பேர் தாண்டித் தேரிடம் வரும்போது 20,000! ஒரே வடம், இடத்துக்கு இடம் வேறு டென்ஷன். கணக்குப் புத்தகக் கயிற்றை நடுவில் யாரும் பிடிப்பதில்லை, அதற்கு எடையும் இல்லை, கப்பியும் வழவழப்பு. அதனால்தான் அங்கே இரண்டு முனையிலும் ஒரே டென்ஷன்.

இன்னொன்று. தேரை இழுப்பது கை என்று நினைக்கிறோம். கால்தான் இழுக்கிறது! பாதம் தரையைப் பின்னால் தள்ள, தரையின் உராய்வு நம்மை முன்னால் தள்ளுகிறது. வீதியில் எண்ணெய் கொட்டியிருந்தால் எத்தனை ஆயிரம் பேர் பிடித்தாலும் தேர் அசையாது.

இப்போது கணக்குக்கு வருவோம். இரண்டு பொருளையும் தனித்தனியாகப் படம் போடுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டால் அப்புறம் எல்லாமே தப்புத்தான். கட்டையின் மேல் அதிகபட்ச உராய்வு 30. எனவே டென்ஷன் கழித்தல் 30 என்பது 10 பெருக்கல் முடுக்கம். தொங்கும் எடைக்கு, 50 கழித்தல் டென்ஷன் என்பது 5 பெருக்கல் முடுக்கம். கூட்டினால் 20 என்பது 15 பெருக்கல் முடுக்கம். முடுக்கம் 1.33, டென்ஷன் 43.3 நியூட்டன். டென்ஷன் 50 ஆக இருந்தால் தொங்கும் எடை வேகமெடுக்கவே முடியாதே!

தொங்கும் எடையை 2 கிலோவாக மாற்றிப் பாருங்கள். அதே சமன்பாட்டில் போட்டால் முடுக்கம் மைனஸில் வரும். அதாவது 2 கிலோ எடை தானாக மேலே ஏறுமாம்! கட்டை அசையவே இல்லை என்பதுதான் உண்மை. உராய்வு எப்போதும் 30 கொடுப்பதில்லை, தேவைக்குத் தகுந்த அளவுதான் கொடுக்கும். இங்கே 20, டென்ஷனும் 20. காந்தி மார்க்கெட்டில் கைவண்டி இழுக்கும் எங்கப்பா, "கெளப்புறதுதான்டா கஷ்டம், ஓட ஆரம்பிச்சா போயிடும்" என்பார். நின்ற உராய்வுக்கும் ஓடும் உராய்வுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தோளிலேயே தெரியும். நிற்கிற தேரைக் கிளப்பப் பின்சக்கரத்தில் நெம்புகோல் போடுவதும் இதற்குத்தான்.

ஓடுகிற தேரை நிறுத்த மட்டும் வடம் உதவாது. கயிறு இழுக்கும், தள்ளாது. அதனால்தான் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறார்கள். பரீட்சையில் உங்களுக்கு டென்ஷன் மைனஸில் வந்தால் கயிறு தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். டென்ஷனுக்குச் சைபர் போட்டு, இரண்டு பொருளுக்கும் தனித்தனியாக மறுபடி கணக்குப் போடுங்கள்.