கொதிக்கும் எந்திரமும் கடல்நீரின் பாதையும்

தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரை என்று ஒன்று இருந்ததில்லை. கண்மாயும் ஊருணியுமே கண்டு பழகிய அந்தச் சீமையோடு, 1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி புதிய மாவட்டம் உதயமானபோது, தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அறந்தாங்கிப் பகுதியும் வந்து கூடியதனால்தான் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய கடலோர ஊர்களை இன்று நாம் புதுக்கோட்டையின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறோம். அதே 1974இல்தான், இந்த ஊர்களுக்கு எதிரே கிடக்கும் பாக் விரிகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே எல்லைக்கோடு வகுக்கும் ஒப்பந்தமும் ஏற்பட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டின் பக்கத்தில் ஒரு விசைப்படகின் எந்திரம் சூடேறி நின்றுபோய், காற்று அதைக் கிழக்கே தள்ளத் தொடங்கினால் நேரக்கூடிய விபரீதம் என்னவென்று கோட்டைப்பட்டினத்துச் சிறுவனும் அறிவான். ஆகையால் எந்திரத்தின் உஷ்ணம் என்பது இங்கே மெக்கானிக்குகள் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் அன்று.

டீசல் எந்திரம் எரிக்கும் எண்ணெயின் சக்தியில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையோ சற்று அதிகமாகவோதான் படகை ஓட்டுவதற்குப் பயன்படுத்துகிறது. மற்றொரு பங்கு புகையோடு போக, எஞ்சியதில் பெரும்பகுதியை எந்திரத்தைச் சுற்றி ஓடும் தண்ணீர் ஏந்திச் செல்ல வேண்டும். லாரியில் அந்த வெப்பத்தை ரேடியேட்டரும் காற்றும் வாங்கிக்கொள்கின்றன. படகில் அந்தக் கடமையைக் கடலே செய்கிறது. சில எந்திரங்களில் கடல்நீர் நேராகவே உள்ளே ஓடும். அவற்றில் உஷ்ணம் மிகுந்தால் நீரிலுள்ள உப்புகள் சுவர்களில் படிந்துவிடும் என்பதனால், ஏறக்குறைய 60 டிகிரிக்குள் அடக்கி ஓட்டுவது வழக்கம். வேறு பலவற்றில் நன்னீர் எந்திரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வர, ‘கூலர்’ என்னும் குழாய்க்கூட்டத்தின் வழியாகப் பாயும் கடல்நீர் அதன் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. கடல்நீரை உள்ளே இழுக்காமல், படகின் அடியில் பொருத்திய குழாய்களில் நன்னீரை ஓட்டிக் குளிரவைப்பதும் உண்டு.

நம் நாட்டு மீன்பிடிப் படகுகளை எந்திரமயமாக்கப் பெரிதும் உதவிய இந்திய-நார்வே திட்டத்துக்கு 1952இல் ஒப்பந்தம் ஏற்பட்டு, கேரளத்து நீண்டகரையில் வேலை தொடங்கியது. ஆனால் அந்த நாட்டுக் கடல் வேறு, நம் கடல் வேறு. நார்வேக் கடல் குளிர்காலத்தில் 10 டிகிரிக்கும் கீழே நிற்பது. பாக் விரிகுடாவோ கோடையில் 30 டிகிரியை எட்டுவது. வெப்பம் கைமாறும் வேகம் இருபக்கத்து உஷ்ண வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆதலால் குளிர்க்கடலில் பாதி அடைபட்ட கூலரும் எப்படியோ காலத்தை ஓட்டிவிடும், நம் கடலில் அந்தச் சலுகை இல்லை.

போதாக்குறைக்கு, இக்கடலின் சுபாவமும் எந்திரத்துக்கு அனுகூலமானதல்ல. பெரும்பகுதி 15 மீட்டரை எட்டாத ஆழம்; அடியில் சேறு; விசிறி சுழன்றால் கலங்கி மேலெழும் வண்டல். தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததற்குக் காரணமே இங்கே செழித்து வளரும் கடற்புல்தான். கடற்பசுவுக்கு ஆகாரமான அந்தப் புல், அறுந்து மிதக்கும்போது படகின் உறிஞ்சுவாயில் போய் அப்பிக்கொள்கிறது. சொறி எனப்படும் ஜெல்லி மீன்கள் திரளும் காலத்தில் அவையும் அங்கே ஒட்டிக்கொண்டு ஒரே நிமிஷத்தில் நீரோட்டத்தை நிறுத்திவிடக் கூடும். ஓடு கொண்ட சிற்றுயிரான கொட்டலசோ அவசரப்படாமல், துவாரத்தின் விளிம்பிலே வளர்ந்து வளர்ந்து வழியைக் குறுக்குகிறது.

ஆகவே, உஷ்ணமானியின் முள் சிவப்பைத் தொட்டவுடன் எந்திரத்தைப் பிரித்துவிட வேண்டும் என்று நினைப்பது பெரும்பாலும் வீண் செலவு. கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் குடியானவன் வயலில் நின்று மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பதில்லை. கண்மாய் மடையில் தொடங்கி வாய்க்கால் ஓரமாகவே நடந்து வருகிறான். இங்கும் அதுவே முறை. முதலில் வெளியே கொட்டும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். அது வழக்கம்போல் கொட்டினால் கோளாறு உள்ளே, மெலிந்திருந்தால் கடற்பக்கத்தில். மெலிந்திருக்குமானால் உறிஞ்சுவாய், வால்வு, வடிகட்டி, ரப்பர் ஹோஸ், பம்பு, கூலர் என்று நீர் வரும் வழியிலேயே வரிசையாகச் சோதித்து வரலாம். வடிகட்டியின் மூடி சரியாக இறுகாமல் காற்று புகுந்தாலும் பம்பு நீரை இழுக்காது. பழகி இளகிப்போன ஹோஸ், எந்திரம் நின்றிருக்கும்போது நல்ல உருவத்தோடு காட்சியளித்து, வேகம் கூட்டியதும் உறிஞ்சலுக்கு உள்வாங்கித் தட்டையாகிவிடுவதனால், அனுபவஸ்தர்களையும் ஏமாற்றிவிடுகிறது.

பம்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதனுள்ளே சுழலும் ரப்பர் இம்பெல்லரின் இதழ்களுக்கு நீரே உராய்வைத் தணிக்கும் எண்ணெய். வறண்டு ஓடினால் சில நிமிஷங்களில் கருகிப்போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அசையாமல் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்த இதழ்கள், அந்த வளைவிலேயே இறுகிப்போய், கடலுக்குப் போகும் முதல் நாளிலேயே வெடித்து உதிர்வதும் உண்டு. புது இம்பெல்லர் போட்டும் சூடு தணியவில்லையென்றால், உதிர்ந்த துண்டுகள் எங்கே போயின என்று கேட்க வேண்டும். அவை நீரோடு சென்று கூலரின் வாயில் அடைத்துக் கிடக்கும். பழைய இம்பெல்லரில் எத்தனை இதழ் குறைகிறதோ அத்தனையும் அகப்படும்வரை தேடுவதுதான் காரியம்.

சூடு எப்போது ஏறுகிறது என்பதும் ஒரு சாட்சி. சும்மா ஓடும்போதே ஏறுமானால் நீரோட்டம் அறவே கெட்டிருக்கிறது. பெல்ட் அறுந்ததா, பம்பு நின்றதா என்று பார்க்கலாம். மடிவலை இழுக்கும்போது மட்டும் ஏறுமானால், கூலர் பாதி அடைபட்டிருக்கலாம். அல்லது விசிறியில் வலை சுற்றி, எந்திரம் தன் சக்திக்கு மீறிய பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கலாம். பின்னதாயின் கரும்புகை காட்டிக்கொடுக்கும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றொரு வைத்தியம் துறைமுகங்களில் பிரசித்தம். அந்த வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது திறக்காமல் சிக்கிக்கொள்வது உண்மையே. ஆனால் பல எந்திரங்களில் அந்தக் கருவி கூலருக்குப் போகும் வழியைத் திறக்கும்போதே குறுக்குவழியை அடைக்கவும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் நீரில் ஒரு பகுதி கூலரை எட்டிப் பாராமலே திரும்பி, பாரம் கூடிய நேரத்தில் உஷ்ணம் முன்னிலும் அதிகமாகும்.

முள்ளையும் முழுவதும் நம்புவதற்கில்லை. நன்னீர் முற்றும் ஒழுகிப்போய்விட்டால், உஷ்ணமானியின் முனை நீரில் படாமல் ஆவியிலே நின்று, எந்திரம் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் தாழ்ந்தே நிற்கக் கூடும். கருகும் பெயின்ட்டின் வாசனை அப்போது மேலான சாட்சி.

நடுக்கடலில் இது நேர்ந்தால் கியரை விடுவித்து, வேகத்தைக் குறைக்க வேண்டும். கடல்நீர் கொட்டிக்கொண்டிருந்தால் சிறிது நேரம் மெதுவாக ஓடவிட்டுப் பின் நிறுத்தலாம். கொட்டவில்லையென்றால் உடனே நிறுத்திவிடுவதே சரி. அதன்பின் முதல் வேலை நங்கூரம் போடுவது. ஆழம் குறைந்த கடலில் நமக்கு வாய்த்த ஒரே லாபம், எங்கே நின்றாலும் நங்கூரம் தரையைத் தொடும் என்பதுதான். அது பிடித்துக்கொண்டால் எல்லைக்கோட்டை நோக்கி மிதந்து போகும் பயம் இல்லை. நீர்த்தொட்டியின் மூடியைச் சூட்டோடு திறந்தால், அழுத்தத்தில் அடங்கியிருந்த கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். சூடான எந்திரத்தில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் வார்ப்பிரும்பு விரிசல் காணும். ஆறியபின், வேறு வழியின்றிக் கடல்நீரை ஊற்றி ஓட்டி வந்தவர்கள், கரை சேர்ந்ததும் நன்னீரால் பலமுறை அலசிவிட வேண்டும். இங்கே பல ஆழ்துளைக் கிணறுகளின் நீரும் உவர்ப்பாகையால், அலசும் நீரையும் பார்த்தே எடுக்க வேண்டும்.

ஆறிய எந்திரத்தை மறுபடி கிளப்புமுன் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்ப்பது அவசியம். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது. எண்ணெய் சுத்தமாக இருந்து, கிளப்பியபின் தொட்டியில் ஓயாமல் குமிழி கிளம்பினால், ஹெட் கேஸ்கெட் வழியே எரிந்த வாயு நீரில் புகுகிறது. இவ்விரண்டில் எது தென்பட்டாலும் கடலில் செய்யக்கூடிய சிகிச்சை கிடையாது. கூட வந்த படகுக்குச் சொல்லி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்துவிட வேண்டியதுதான்.