பிள்ளை பேசத் தாமதித்தால் பெற்றோர் அறிய வேண்டியவை

"பையனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது ஐயா, இன்னும் பேச்சு வரவில்லை, முருகனுக்கு நேர்ந்திருக்கிறோம்" என்று ஆலயத்திற்கு வரும் தாய்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஐந்து வயது வரை பேசாதிருந்து திருச்செந்தூரில் வாய் திறந்ததாகச் சொல்லப்படும் குமரகுருபரரையும் உடனே நினைவூட்டுவார்கள். வேண்டுதலை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய பெற்றோரும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர்கள்தாம். "இவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினார்" என்று வீட்டில் இருந்துவிடவில்லை.

ஒரு வயதையொட்டி முதல் சொல் வரும். இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொற்களும், "அம்மா வா", "பால் வேணும்" என இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் எதிர்பார்க்கத் தக்கவை. மூன்று வயதில் பேசினால் அயலாருக்கும் பெரும்பகுதி புரிய வேண்டும். ர, ழ போன்ற ஒலிகள் பிந்தி வருவது இயல்பே. ('ழ' நம் பெரியவர்கள் பலருக்கே இன்னும் வரவில்லை!) பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிச் சுட்டிக் காட்டாத பிள்ளை, பேசிக்கொண்டிருந்த சொற்களை இழந்துவிட்ட பிள்ளை ஆகியோரைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதலில் சோதிக்க வேண்டியது காது. சளியினால் நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால்கூடக் கேள்வி மங்கும். கதவு சாத்தும் ஓசைக்குத் திரும்பும் பிள்ளைக்கும் 'ச' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம்.

1980களில் நான் பணியாற்றிய ஒரு தோட்டப் பள்ளியில், முதலாம் ஆண்டில் ஒரு பையன் இருந்தான். பெற்றோர் இருவரும் விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போய்விட, ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவன். எதைக் கேட்டாலும் வாய் திறக்க மாட்டான். மந்தம் என்று முடிவு கட்டி, அவனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தவன் நான்தான். மூன்றாம் ஆண்டில்தான் அவனுக்கு இரண்டு காதுகளும் சரியாகக் கேட்பதில்லை என்று தெரிய வந்தது. காது கேளாத பிள்ளைக்குக் கடைசி வரிசை! இன்றும் உறுத்துகிறது.

இன்னொன்று. தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழி காதில் விழுவதால்தான் பேச்சு வரவில்லை என்று எண்ணி, வீட்டில் தமிழை நிறுத்திவிடுகிறார்கள். பல மொழி கேட்பது பேச்சுத் தாமதத்திற்குக் காரணம் அல்ல. பிள்ளை அறிந்த சொற்களை எண்ணும்போது எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். பெற்றோருக்கு நன்றாக வரும் மொழியில் பேசுவதே பிள்ளைக்கு நல்லது. நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுப்பது ஆபத்து.

பேச்சுச் சிகிச்சை என்றதும் ஊசி, மருந்து என்று அஞ்ச வேண்டாம். பார்ப்பதற்கு அது விளையாட்டுப் போலத்தான் இருக்கும். பிள்ளையின் முகத்திற்கு நேரே அமர்ந்து, அவன் பார்க்கும் பொருளைப் பற்றியே பேச வேண்டும். பதிலுக்குப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். "கார்" என்றால் "சிவப்புக் கார் போகுது" என்று நீட்டிச் சொல்ல வேண்டும். "சொல்லு, சொல்லு" என்று வற்புறுத்தக் கூடாது. கைப்பேசியைக் கையில் கொடுத்துவிட்டால் இதற்கெல்லாம் நேரம் ஏது? சிகிச்சையாளரைக் காணும் நேரம் கொஞ்சம்தான். மற்ற நாளெல்லாம் வீட்டில் நடப்பதே பெரிது.

நம் நாட்டில் இத்துறைக்கான பட்டப்படிப்பு 1995இல்தான் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஆகவே சிகிச்சையாளர்கள் குறைவு, தமிழ் அறிந்தவர்கள் அதனினும் குறைவு. பிள்ளை எந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறான் என்பதைப் பெற்றோரே எழுதிக்கொண்டு போவது மிகவும் உதவும். அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தைக் காட்டி, சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். தேதி பிந்திக் கிடைத்தாலும் தவறவிடாதீர்கள். தோட்டத்திலிருந்து சிரம்பான் செல்ல வண்டி வசதி இல்லாதவர்கள் ஆலய நிர்வாகத்தினரிடம் ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்தால் ஏற்பாடு செய்ய முயல்வோம்.